அடைக்கோழியும் 21 நாளும்



நம்ம தாமல் ஏரிப் பாசனத்தில் நெல் அடித்த களத்தைச் சுற்றிப் பொறுக்கித் தின்றே நாட்டுக்கோழி வளர்ந்து விடுகிறது. அடை வைத்தால் பத்துக் குஞ்சு பொரிக்கிறது. ஆனால் விற்கிற பருவத்துக்கு இரண்டோ மூன்றோதான் மிஞ்சுகிறது என்று வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். மற்றதெல்லாம் எங்கே போச்சு? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

கூட்டை விட்டு எழாமல், கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக் கொத்த வந்தால், அந்தக் கோழி அடைக்குத் தயார். ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டையாக 10 அல்லது 12 வையுங்கள். வெயில் காலமானால் நாலு நாளைக்கு மேற்பட்ட முட்டை வேண்டாம். அழுக்கிருந்தால் கழுவாதீர்கள், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். இடிக்குப் பயந்து கூடையில் இரும்பும் கரியும் போடுவது நம் வழக்கம். அது இருக்கட்டும், கூடையில் செல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செல் கடித்தால் கோழி அடையை விட்டு எழுந்துவிடும்.

ஏழாம் நாள் இரவில் முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது. ஒன்றுமே இல்லாமல் தெளிவாகத் தெரிந்தால் கூமுட்டை, எடுத்து விடலாம். கோழி தினமும் ஒரு தடவை இரைக்கு எழும். அதைத் தடுக்க வேண்டாம். 18ஆம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொடவே கூடாது. 21ஆம் நாள் குஞ்சு வெளியே வரும். வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருப்பதால் முதல் நாள் இரை இல்லாவிட்டாலும் தாங்கும். பிறகு குருணையும், ஆழமில்லாத தட்டில் தண்ணீரும் வையுங்கள். பழைய பானையில் சாணமும் கிழிந்த கோணியும் திணித்து, தண்ணீர் தெளித்து, மாலையில் கவிழ்த்து வைத்தால் விடியலில் கரையான் சேர்ந்திருக்கும். குஞ்சுக்கு அதைவிட நல்ல தீனி இல்லை.

பருந்தையும் கீரியையும் தாய்க்கோழி விரட்டும். வெள்ளைக் கழிச்சலை அதனால் விரட்ட முடியாது. ராணிக்கெட் என்கிற அந்த நோய் வந்தால் தெருவையே காலி செய்துவிடும். வந்த பிறகு மருந்தில்லை. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. இவ்வளவுதான்.

‘பத்துக் குஞ்சுக்கு ஒரு குப்பி மருந்தா?’ என்று கேட்பீர்கள். ஒரு குப்பி பெரும்பாலும் 100 குஞ்சுக்குக் காணும். கலக்கிவிட்டால் ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். மீந்ததை வைத்திருந்து பயனில்லை. ஆகவே தெருவில் பத்து வீட்டார் பேசி வைத்துக்கொண்டு, ஒரே வாரத்தில் அடை வையுங்கள். குஞ்சுகள் ஒன்றாகப் பொரிக்கும்; ஒரே குப்பியில் எல்லாவற்றுக்கும் சொட்டு விட்டுவிடலாம். கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வீட்டுப் பெண்களின் கையில் புழங்குகிற காசு இந்தக் கோழிக் காசு. அடையில் உட்காருவது கோழியின் பாடு. சொட்டு மருந்து நம் பாடு.