வெயில் தின்னாத குரோமியம்

வேப்பம்பட்டில் கிழக்கே போகும் மின்சார ரயிலைப் பிடித்தால் அம்பத்தூர். மேற்கே போய் அரக்கோணத்தில் மாறினால் வாலாஜா ரோடு, அடுத்து ராணிப்பேட்டை. 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்புக்குக் குரோம் பூசும் பட்டறைகள் உண்டு. ராணிப்பேட்டையிலோ, மூடிப்போன தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை விட்டுச்சென்ற கழிவு லட்சம் டன்னுக்கும் மேல். 2006-ல் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் அந்த ஊரும் இருந்தது. இரண்டு இடத்திலும் வில்லன் ஒன்றுதான்: ஆறு இணைதிறன் குரோமியம். தண்ணீரில் எளிதில் கரையும், புற்றுநோய் தரும்.

பட்டறைகளில் வழக்கமான வைத்தியம், இந்தக் குரோமியம் கரைந்த மஞ்சள் நீரில் அமிலம் விட்டு மெட்டாபைசல்பைட் என்ற ரசாயனம் போடுவது. நீர் பச்சையாகும். சுண்ணாம்பு சேர்த்தால் பச்சை மண்டி அடியில் தங்கும். ஆறு இணைதிறன் மூன்றாகிவிட்டது, நஞ்சு வெகுவாகக் குறைந்தது.

இந்த ரசாயனத்தின் வேலையை வெளிச்சத்திடம் விடலாம் என்பதுதான் ஒளிவினையூக்கி. ஒளி பட்டதும் அதிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான் குரோமியத்தை மாற்றுகிறது. 1972-ல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் ஒளியில் வினை புரிவதாகக் காட்டிய டைட்டானியம் டை ஆக்சைடு வெள்ளைப் பொடி. புற ஊதாக் கதிருக்குத்தான் மசியும். நம் வெயிலில் அது நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. பிஸ்மத் வனடேட்டும் கார்பன் நைட்ரைடும் மஞ்சள் பொடிகள். நீல ஒளியை விழுங்குவதால்தான் அந்த மஞ்சள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே அவற்றுக்குப் போதும். காட்மியம் சல்பைடும் மஞ்சள்தான். ஆனால் ஒளியில் தானே அரிக்கப்பட்டு காட்மியத்தை நீரில் விடும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை!

‘சூரிய ஒளியில் கன உலோகம் அழிந்தது’ என்று செய்தி வந்தால் நான் நம்புவதில்லை. சாயத்தைச் சிதைக்கலாம், உலோகம் ஒரு தனிமம், வெளிச்சத்தால் அழியாது. பச்சை மண்டியாகவோ பொடியின் மேல் படலமாகவோ எங்காவது இருந்தே தீரும். ஈயத்திடமும் காட்மியத்திடமும் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. இன்னொரு சிக்கலும் உண்டு: ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீரில் குரோமியத்தை மட்டும் கரைத்துச் சோதிப்பார்கள். பட்டறைத் தொட்டியில் எண்ணெய், நிக்கல், சோப்பு எல்லாம் கலந்திருக்கும். கலங்கிய நீருக்குள் ஒளி இறங்காது. பொடியை வடித்து மீட்பது தனிச் செலவு.

குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வரம்பு இவ்வளவு குறைவு என்பதால், மெட்டாபைசல்பைட் பெரும்பகுதியை முடித்த பின், மிச்சம் மீதியைத் துடைக்க ஒளிவினையூக்கி பட்டறைக்கு உதவலாம். ஆனால் ராணிப்பேட்டைக் கழிவு மேட்டிலிருந்து மழையில் கசிந்து நிலத்தடிக்கு இறங்கியதை முதலில் இறைத்து மேலே கொண்டுவர வேண்டும். மேடு அங்கேயே இருக்கும்வரை அந்த இறைப்புக்கு முடிவு கிடையாது.