ஆரணியில் இலவசம், பெங்களூரில் காசு: வெளியூர் போன நெசவாளரின் சுகர் மாத்திரைக் கணக்கு

எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ் எல்லாம் நிறைய பேசியாச்சு. இன்னைக்குப் பேசப்போறது மாதம் சில நூறு ரூபாய் விஷயம். ஆனா கையில் காசு குறையும்போது முதல் வெட்டு இதுக்குத்தான் விழுது: சுகர் மாத்திரை.

ஆரணியில் தறி வேலை குறைஞ்சாலோ, முதலாளிகிட்ட வாங்கின முன்பணம் கழுத்தை நெரிச்சாலோ பெங்களூர் விசைத்தறி, ஓசூர் கம்பெனி, சென்னையில் செக்யூரிட்டி வேலைன்னு கிளம்பிடுறாங்க. ஊரில் இருந்தவரை மாத்திரைக்குச் செலவே இல்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீடு தேடி வருது. ஆனா அது தேடி வர்றது ஊர் வீட்டைத்தான். பெங்களூரில் நாலு பேர் தங்கியிருக்கிற ரூமை அதுக்குத் தெரியாது.

அதனால என்ன நடக்குது? ஊரில் மனைவி மாத்திரையை வாங்கி, வர்றவங்க போறவங்க கையில் கொடுத்தனுப்புறாங்க. காசு மிச்சம், தப்பில்லை. ஆனா மாத்திரை பெங்களூர் போகுது, டெஸ்ட் மட்டும் எங்கேயும் நடக்கலை. இரண்டு வருஷம் முன்னாடி எழுதின அதே டோஸ் இன்னும் ஓடிட்டிருக்கு. கடந்த இரண்டு மூணு மாத சராசரியைக் காட்டுற எச்பிஏ1சி டெஸ்ட்டை ஊருக்கு வரும்போதாவது எடுத்து, டாக்டரை நேரில் பாருங்க. அப்படியே அடுத்த சில வாரத்துக்குச் சேர்த்து மாத்திரை கிடைக்குமான்னும் கேளுங்க.

கொடுத்தனுப்ப ஆள் இல்லாத மாதம்தான் சிக்கல். பக்கத்து மெடிக்கலில் ஒரு மாத்திரை 12 ரூபாய்னு வெச்சுக்குவோம். தினம் இரண்டு, மாதம் 720. ஊருக்குப் பணம் அனுப்பிட்டு மிச்சத்தில் வாழ்றவருக்கு இது பெரிய தொகை. அதனால ஒரு வேளை போட்டு ஒரு வேளை விடுறது, இல்லேன்னா தலை சுத்தினா மட்டும் போடுறதுன்னு ஆயிடுது. அதே மருந்து மக்கள் மருந்தகத்தில் பெரும்பாலும் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். தமிழ்நாட்டுக்குள் இருந்தா 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களும் இருக்கு. பெங்களூரில் நம்ம கிளினிக் இருக்கு. ஆதாரையும் பழைய மருந்துச் சீட்டையும் எடுத்துட்டுப் போங்க, கன்னடம் தெரியலேன்னாலும் சீட்டு பேசிக்கும்.

ஆனா சீட்டில் பிராண்ட் பேர் மட்டும் இருந்தா வம்பு. மருந்தோட பேரையும் எழுதித் தரச் சொல்லுங்க. ஊர் அட்டையும் பெங்களூர் அட்டையும் வேற வேற கலர்ல இருக்கேன்னு இரண்டையும் போடுறவங்க உண்டு. உள்ளே இருக்கிறது ஒரே மெட்ஃபார்மின், ஒரே கிளிமிபிரைட். கிளிமிபிரைட் டபுள் ஆகி, தீபாவளி சீசனில் சாப்பிடாம நைட் ஷிப்ட்டும் பார்த்தா சுகர் தடாலடியா இறங்கிடும். நான் ஆடிட்டர், டாக்டர் இல்லை. டோஸை எப்படி மாத்துறதுன்னு டாக்டரைத்தான் கேட்கணும்.

பழைய சீட்டிலேயே வருஷக்கணக்கா வாங்குறவங்களுக்கு இன்னொரு விஷயம். எம்பாகிளிஃப்ளோசின் ஒரு மாத்திரை 60 ரூபாய் சுமாருக்கு வித்துட்டிருந்தது. 2025 மார்ச்சில் காப்புரிமை முடிஞ்சதும் பல கம்பெனிகள் 10 ரூபாய் ரேஞ்சில் இறக்கிட்டாங்க. மாதம் 1,800 கொடுத்த இடத்தில் 300. உங்க மருந்துக்கும் இப்படி விலை குறைஞ்சிருக்கான்னு கேட்கறதுக்குக் காசு ஆகாது.

அடுத்தது எனக்கு ரொம்ப ஆதங்கமான விஷயம், ஈஎஸ்ஐ. 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற கம்பெனி, சம்பளம் 21,000-க்குள்ளன்னா உங்களுக்கு ஈஎஸ்ஐ உண்டு. 15,000 சம்பளத்தில் மாதம் 113 ரூபாய் பிடிக்கிறாங்க, முதலாளி 3.25 சதவீதம் போடுறார். டிஸ்பென்சரியில் டாக்டர், டெஸ்ட், மாத்திரை எல்லாம் இலவசம். மனைவி பிள்ளைகள் ஊரில் இருந்தா அவங்களுக்கு அங்கே பக்கத்து டிஸ்பென்சரியைக் குறிச்சுக் கொடுக்கலாம். போதுமான நாள் சந்தா கட்டியிருந்தா, உடம்பு சரியில்லாம லீவு போட்டாலும் வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீத சம்பளம் வரும். மாசாமாசம் பணம் கட்டிட்டு, ஈஎஸ்ஐ நம்பர் என்னன்னே தெரியாம 720 ரூபாய்க்கு வெளியே மாத்திரை வாங்குறதை என்னன்னு சொல்றது? சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்க. பணம் பிடிக்கிறாங்க, ஆனா நம்பர் தரலேன்னா ஈஎஸ்ஐ ஆபீஸில் புகார் கொடுக்கலாம்.

ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்கும்போது சுகரை மறைக்காதீங்க. ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் இப்போ அதிகபட்சம் 36 மாதம்தான். மறைச்சா க்ளெய்மே போயிடும். பாலிசி இல்லாத 60 வயசு தாண்டின அப்பா அம்மாவுக்கு நீங்க மாத்திரை வாங்கித் தந்தா, பழைய வரிமுறையில் 50,000 வரை கழிவு உண்டு. ரொக்கமா கொடுத்தா கிடையாது. ஜிபே பண்ணி பில்லை வெச்சுக்குங்க.

குழித்தறியில் மிதிக்கிறது கால், ஜரிகை பார்க்கிறது கண். கட்டுக்குள் இல்லாத சுகர் மெல்ல மெல்லக் கெடுக்கிறதும் இந்த இரண்டையும்தான். கணக்குப் புத்தகத்தில் நான் இந்த மாத்திரையைத் தறி பராமரிப்புச் செலவு பக்கத்தில்தான் எழுதுவேன். சம்பளம் வந்த அன்னைக்கே 30 நாளுக்கு வாங்கிட்டு, மீதியை ஊருக்கு அனுப்புங்க. வீட்டிலயும் இதைச் சொல்லி வைங்க, அப்போதான் "இந்த மாசம் ஏன் கம்மி"ங்கிற சண்டை வராது.

இன்சுலின் போடுறவங்க ரூமில் ஃபிரிட்ஜ் இல்லையேன்னு விட்டுடாதீங்க. திறந்த பாட்டிலைப் பொதுவா நாலு வாரம் வரை வெளியே வெச்சுக்கலாம், அட்டையில் போட்டிருக்கிற நாளைப் பாருங்க. தகர ஷெட் சூட்டில் மட்டும் வேண்டாம். மண்பானையில் தண்ணி ஊத்தி, நனையாம ஒரு டப்பாவில் போட்டு அதுக்குள்ள வைங்க.