உங்களுக்குத் தெரியுமா? விக்கியில் மாமல்லபுரம்

2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. கூடவே மாமல்லபுரத்தின் கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் மாவட்டம் மாறின. அலுவலகப் பலகையை மாற்ற அரசாங்கத்தில் ஆள் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில்? மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் என ஊர் ஊராகக் கட்டுரைகளைத் திருத்தும் வேலை, சம்பளமில்லாத தன்னார்வலர்கள் தலையில்தான்.

2003இல் பிறந்த இந்தத் தளத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், தொழிலால் கட்டடக் கலைஞர். கட்டடக்கலைக் கட்டுரைகள் இங்கே நிறைய இருப்பது அதனால்தானோ என்னவோ!

படங்களுக்கு 2004இல் தொடங்கிய விக்கிமீடியா பொதுவகம். மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பமான அர்ச்சுனன் தபசின் படம் ஒன்றைச் சொடுக்கிப் பாருங்கள்: எடுத்தவர் பெயர், நாள், உரிமம் எல்லாம் கீழே வரிசையாக வரும். பெயரைப் போட்டு, உரிம விதியையும் மதித்தால், பள்ளி ஆண்டு மலருக்குக் காசில்லாமலே எடுத்துக்கொள்ளலாம்.

கட்டுரையில் பிழை கண்ணில் பட்டால் மேலே ‘தொகு’ பொத்தான் இருக்கிறது. எதை, எப்போது மாற்றினீர்கள் என்பது வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகிவிடும். தப்பாகத் திருத்திவிட்டால்? பழைய வடிவத்தை வேறொருவர் நொடியில் மீட்டுவிடலாம்.