வைகாசி முகூர்த்தத்தைத் தாங்குமா உங்கள் பிராசஸர்?

வைகாசி பிறந்துவிட்டால் விருத்தாசலம் வட்டாரத்து ஸ்டுடியோக்காரர்களைக் கையில் பிடிக்க முடியாது. காலையில் நலங்கு, மாலையில் வரவேற்பு, மறுநாள் விடியலில் தாலி. நலங்கில் எடுத்த காட்சிகளை வெட்டி ஒட்டி, பாட்டும் சேர்த்து, அன்று மாலையே மண்டபத்து எல்இடி திரையில் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் கேட்கிறார்கள். ‘ஸ்பாட் எடிட்’ இல்லாவிட்டால் அட்வான்ஸ் பக்கத்து ஊர்க்காரருக்குப் போய்விடும். அதனால் எடிட்டிங் கம்ப்யூட்டர் இப்போது கடையின் மூலையில் உட்கார்ந்திருப்பதில்லை. பைக்கின் முன்பக்கம் பையில் ஏறி மண்டபத்துக்கு வருகிறது. கல்யாணம் இல்லாத இரவுகளில் அதே பெட்டியில் தம்பிமார்கள் வேலரன்ட்டும் ஜிடிஏவும் ஆடுகிறார்கள்.

இப்படித் தூக்கிக்கொண்டு போகிற குட்டிக் கம்ப்யூட்டருக்கு எந்தப் பிராசஸர் போடுவது என்பதுதான் இந்த வட்டாரத்து இளைஞர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி. ஐ5-ஆ, ஐ7-ஆ, ரைசனா? கேள்வி சரிதான். ஆனால் பதில் சொல்பவர்கள் ஒரு விஷயத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அது வெயில்.

விருத்தாசலத்துக்குத் தெற்கே, ஜெயங்கொண்டம் போகும் சாலையில் இருக்கிறது கருவேப்பிலங்குறிச்சி. அங்கே அண்ணன் படம் பிடிக்க, தம்பி எடிட் செய்யும் ஒரு சின்ன ஸ்டுடியோ. தம்பி தன் பெட்டியைக் காட்டிச் சொன்னார்: “ஐ7 ண்ணா. கடையில இதுதான் பெஸ்ட்டுன்னாங்க. மதியம் ரெண்டு மணிக்கு மேல ரெண்டர் போட்டா இழுக்குது. ராத்திரி போட்டா மடமடன்னு முடியுது. வைரஸா இருக்குமோன்னு ஃபார்மேட்டே பண்ணிப் பாத்துட்டேன்.”

வைரஸ் எதுவும் இல்லை. மேலே சிமென்ட் ஷீட் கூரை, சுவரில் ஒரு டேபிள் ஃபேன், வெளியே கத்திரி வெயில். பெட்டிக்குள் இருக்கும் பிராசஸர் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இதன் கணக்கு எளிது. ஒரு கூலர், பிராசஸரின் சூட்டைச் சுற்றியிருக்கும் காற்றில் கொட்டுகிறது. காற்றைவிடக் குளிராகப் பிராசஸரை அதனால் வைக்க முடியாது. காற்றுக்கு மேல் இத்தனை டிகிரி என்ற இடைவெளிதான் அதன் கையில் இருக்கிறது. 25 டிகிரி அறையில் 80 டிகிரியில் ஓடும் பிராசஸர், அதே வேலையை 40 டிகிரி அறையில் செய்தால் ஏறக்குறைய 95-ஐத் தொடும். ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95 டிகிரிதான் எல்லை. ஐ5, ஐ7 அடங்கிய கோர் வரிசையில் பலவற்றுக்கு 100. எல்லையைத் தொட்டதும் கடிகார வேகம் இறங்கும், ரெண்டர் இழுக்கும். நாம் யூடியூபில் பார்க்கிற ஒப்பீட்டு வீடியோக்கள் பெரும்பாலும் ஏசி அறையிலோ குளிர்நாடுகளிலோ எடுக்கப்பட்டவை. அங்கே முதலிடம் பிடித்த பிராசஸர் நம் மண்டபத்துப் பின்கட்டில், சமையல்கூடத்துக்குப் பக்கத்து அறையில் என்ன செய்யும் என்று அந்தப் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பினாலும் ஏமாற்றம்தான். கோர் ஐ7 14700-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 20 கோர். 65 வாட் என்று போட்டிருக்கும். அது அடிப்படை வேகத்துக்கான கணக்கு. முழுமூச்சில் ஓடும்போது அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் 219 வாட். ஐ5 14400-க்கும் அதே 65 வாட்தான் போட்டிருக்கிறது, அதன் உச்சம் 148. ரைசன் பக்கம் இந்த இடைவெளி குறைவு: 65 வாட் என்று குறித்த ரைசன் 5 7600-க்கு சாக்கெட் வழியாகப் போகும் உச்சம் 88 வாட். 170 வாட் என்று குறித்த 7950எக்ஸ்-க்கு 230. விளையாட்டில் இந்த உச்சம் அடிக்கடி வராது. வீடியோ ஏற்றுமதியில் அத்தனை கோர்களும் அரை மணி, ஒரு மணி என்று விடாமல் உழைக்கும். எடிட்டருக்கு வேண்டியது முதல் நிமிட வேகமா, முப்பதாவது நிமிட வேகமா? கடையில் காட்டுவது முதலாவதை. சம்பளம் தருவது இரண்டாவது.

குட்டிப் பெட்டியில் இது இன்னும் மோசம். மினி ஐடிஎக்ஸ் போர்டு 17 சென்டிமீட்டர் சதுரம். அதைப் போட்டு, கைக்கு அடக்கமான கேபினெட்டில் அடைத்தால் கூலருக்குக் கிடைக்கும் உயரம் பல பெட்டிகளில் 7 சென்டிமீட்டர்கூட இருக்காது. பெரிய டவர் கூலருக்கு இடமே இல்லை. பக்கத்திலேயே கிராபிக்ஸ் கார்டு வேறு தன் பங்குக்குச் சூட்டைக் கக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 115 வாட். இரண்டுக்கும் ஒரே காற்று.

மின்சாரக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் பலர் வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது ஏறத்தாழ 360 வாட். 219-உம் 115-உம் சேர்ந்தால் 334. போர்டு, டிஸ்க், ஃபேன், மானிட்டர் எல்லாம் மேலே. மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் யுபிஎஸ் கத்திக்கொண்டே கைவிட்டுவிடும். அந்த நேரம் பார்த்து ப்ராஜெக்ட் ஃபைல் சேமிக்கப்படாமல் இருந்தால் நலங்கு வீடியோவின் கதி என்ன?

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர் என்பதால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1971-இல் வெளிவந்த 4004 என்ற மைக்ரோபிராசஸர் வெள்ளைப் பீங்கான் உறையில்தான் வந்தது. 1993-இல் வந்த முதல் பென்டியத்துக்கும் பீங்கான்தான் உடம்பு. காரணம், இவ்வூர்ச் சூளைகளில் ஃபியூஸ் கேரியர் சுடுவதற்குச் சொல்லும் அதே காரணம்: பீங்கான் சூட்டைத் தாங்கும், மின்சாரத்தைக் கடத்தாது. பிறகு விலையும் சிக்னல் வேகமும் கருதிப் பிசின் அட்டைக்கு மாறினார்கள். இன்றைக்கும் மதர்போர்டில் அரிசிக் குருணை போல ஒட்டியிருக்கும் நூற்றுக்கணக்கான கெபாசிட்டர்கள் பீங்கான்தான். சூட்டைப் பற்றி இத்தனை தலைமுறையாகத் தெரிந்துவைத்திருக்கும் ஊரில், கம்ப்யூட்டர் வாங்கும்போது மட்டும் சூட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கேமராவிலிருந்து தொடங்குங்கள்

பிராசஸர் பெயரைப் பேசுவதற்கு முன் எந்தக் கேமரா, எந்த மென்பொருள் என்று கேட்க வேண்டும். இப்போது கல்யாண வீடியோவுக்கு வந்துவிட்ட மிரர்லெஸ் கேமராக்களில் பல, 10 பிட் 4:2:2 என்ற முறையில் ஹெச்.265 ஃபைல்களைத் தருகின்றன. நிறத்தைத் திருத்த அருமையான ஃபைல்கள், ஆனால் பிரித்துப் படிக்கப் பெரும் பாடு. இந்த வேலைக்கென்றே தனிச் சுற்று சிப்புக்குள் இருந்தால் டைம்லைன் வழுக்கிக்கொண்டு ஓடும். இல்லையென்றால் கோர்கள் எல்லாம் சேர்ந்து முட்டிமோதும், சூடேறும், படம் விட்டுவிட்டு ஓடும்.

அந்தச் சுற்று கோர் வரிசையின் உள்ளமை கிராபிக்ஸில் இருக்கிறது. 2011-இல் அறிமுகமான குயிக் சிங்க் அதுதான். டெஸ்க்டாப்பில் 11-வது தலைமுறையிலிருந்து அது 4:2:2 ஹெச்.265-ஐப் படிக்கிறது. ரைசனின் உள்ளமை கிராபிக்ஸ் அதைப் படிப்பதில்லை. தனி கிராபிக்ஸ் கார்டுகளில் ஆர்டிஎக்ஸ் குடும்பத்துக்கு, 50 வரிசை 2025-இல் வந்த பிறகுதான் அந்த வசதி சேர்ந்தது. 4060 வைத்திருப்பவருக்கு இல்லை. நம் ஊர்க் கல்யாண எடிட்டர்களில் கணிசமானோர் எடியஸில் கைபழகியவர்கள். எடியஸ் விண்டோஸில் மட்டும் ஓடும். குயிக் சிங்க்கை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும் மென்பொருள் அது.

இங்கேதான் ஒரு எழுத்து ஆளைக் கவிழ்க்கிறது. 14400 என்றும் 14400எஃப் என்றும் இரண்டு உண்டு. எஃப் போட்டது கொஞ்சம் மலிவு. “தனி கார்டு போடப்போறீங்க, உள்ள கிராபிக்ஸ் எதுக்கு தம்பி?” என்று கடையில் சொல்வார்கள். விளையாட மட்டும் என்றால் அது நல்ல யோசனை. கல்யாண எடிட்டருக்கு எஃப் வாங்கினால் குயிக் சிங்க் மொத்தமும் போச்சு. மிச்சம் பிடித்த அந்தப் பணத்துக்காக ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் ப்ராக்ஸி ஃபைல் தயாரித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

விளையாட்டுத்தான் முதல் வேலை, எடிட்டிங் எப்போதாவது என்பவருக்கு என் சிபாரிசு வேறு. ரைசன் 7 7800எக்ஸ்3டி 2023 ஏப்ரலில் வந்தது. 8 கோர், சிப்பின் மேலேயே அடுக்கி வைத்த நினைவகத்தோடு 96 எம்பி எல்3 கேஷ். 120 வாட் என்று குறித்திருந்தாலும் அனுமதிக்கப்பட்ட உச்சத்தில் பாதியைக்கூட விளையாட்டில் அது பெரும்பாலும் தாண்டுவதில்லை. வேகத்தை வாட்டால் வாங்காமல் கேஷால் வாங்கிய சிப் அது, சின்னப் பெட்டிக்கென்றே செய்தது போலிருக்கும். பணம் அவ்வளவு இல்லையென்றால் 7600 போதும். சாக்கெட் ஒன்றே என்பதால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டும் பாதிப் பாதி, கேமரா 4:2:2, மென்பொருள் எடியஸ் என்றால் எஃப் இல்லாத ஐ5. ஐ7 வேண்டாம். அந்தப் பணத்தை 32 ஜிபி ரேமிலும் நல்ல கூலரிலும் போடுங்கள். பெரிய பிராசஸரை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பயாஸில் பிஎல்1, பிஎல்2 என்று இரண்டு வாட் வரம்புகள் இருக்கும். இரண்டையும் 65-க்கோ 90-க்கோ இறக்கி வையுங்கள். ரைசனில் இதற்கு ஈகோ மோட் என்று பெயர். வாட்டைப் பாதியாக்கினால் வேகம் பாதியாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். கடிகார வேகத்தைக் கூட்ட வோல்டேஜையும் கூட்ட வேண்டியிருக்கிறது. மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. ஆகவே கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் மின்சாரத்தின் பெரும்பங்கு செலவாகிறது. அந்த நுனியை வெட்டிவிட்டால் இழப்பது கொஞ்சம், தணிகிற சூடு ஏராளம். மதிய வெயிலில் தானாக இறங்கி ஏறித் தடுமாறுவதைவிட, நாமே இறக்கி வைத்த வேகம் நிலையாக நிற்கும். கருவேப்பிலங்குறிச்சித் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன். யுபிஎஸ் கணக்கும் இதோடு சரியாகிவிடும்: 65-உம் 115-உம் சேர்ந்து 180.

மேக் மினியைச் சொல்பவர்கள் உண்டு. 2024 இறுதியில் வந்த எம்4 மேக் மினி 12.7 சென்டிமீட்டர் சதுரத்தில் அடங்கிவிடும். 59,900 ரூபாய்க்கு அறிமுகமானது. 4:2:2-ஐ மெத்தென்று படிக்கும், சூடும் குறைவு. எடிட்டிங் மட்டும் என்றால் அதோடு சண்டை போட எனக்கு மனமில்லை. எடியஸும் பாதி விளையாட்டுகளும் அதில் இல்லை என்பதால் நம் ஆட்களுக்கு ஒத்துவராது. ஏசி போட்டுக்கொள்ளலாமே என்போருக்கு, மண்டபத்துப் பின்கட்டில் யார் ஏசி போட்டுத் தருவார்கள் என்பதே என் கேள்வி. லேப்டாப் கட்சிக்கும் இதே சூட்டுப் பிரச்சினைதான், இன்னும் மெல்லிய உடம்பில்.

2025 தொடக்கத்தில் அறிவித்த ரைசன் ஏஐ மேக்ஸ் பிளஸ் 395-ஐப் பற்றியும் கேட்கிறார்கள். 16 கோர், தனி கார்டு தேவைப்படாத பெரிய உள்ளமை கிராபிக்ஸ், 128 ஜிபி வரை நினைவகம், எல்லாம் ஒரே சிப்பைச் சுற்றி. சின்னப் பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இதுவரை வரவில்லை. விலை உச்சாணியில் இருக்கிறது. ரேமைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பதால் பின்னால் கூட்ட வழியில்லை. ஒன்று பழுதானால் எல்லாமே போகும். கல்யாணக் கூலியில் வாழ்பவருக்கு இன்னும் சில வருடம் பொறுப்பதே நல்லது.

தூசியை விட்டுவிடக் கூடாது. பீங்கான் மண்ணின் மாவுத் தூசியும் சாலைப் புழுதியும் கூலரின் தகடுகளுக்கிடையே படிந்து பாய் விரித்தது போல அடைத்துவிடும். வைகாசிக்கு முன் ஒருமுறை, ஆவணிக்கு முன் ஒருமுறை பெட்டியைத் திறந்து புளோயர் அடியுங்கள். அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் துடைத்துப் புதிதாக வைக்க வேண்டும்.

விருத்தாசலத்திலிருந்து வைகை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வாங்குபவர்கள் அங்கேயே ஒரு சோதனை கேட்கலாம். பெட்டியை மூடச் சொல்லுங்கள். கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்து, ஏசி காற்றில் ஓட்டிக் காட்டுவது கணக்கில் சேராது. உங்கள் கேமராவில் எடுத்த ஃபைலையே பென் டிரைவில் கொண்டுபோய் அரை மணி நேரம் ஏற்றுமதி ஓட்டுங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பக்கத்தில் திறந்து, வெப்பநிலையையும் வாட்டையும் பத்தாவது நிமிடத்திலும் முப்பதாவது நிமிடத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். கடையின் அறை வெப்பநிலை 25 என்றால், கிடைத்த எண்ணோடு 15-ஐக் கூட்டுங்கள். 90-க்குள் நின்றால் பணத்தைக் கொடுக்கலாம். தாண்டினால் வாட்டை இறக்கிவைத்து அதே ஃபைலை மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் அந்தக் கேபினெட் வேண்டாம், வேறு காட்டச் சொல்லுங்கள்.