கேஸ் ட்ரையரா, கரண்ட் ட்ரையரா? செக்காலை வீட்டுக்கு ஒரு கணக்கு

செக்காலையில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குத் துணி உலர்த்தும் மெஷின் வாங்கலாமா என்று பேச்சு வந்ததும், ஹூஸ்டனில் இருக்கும் அக்கா சொன்னது: “கேஸ் ட்ரையர் வாங்குடா, முக்கால் மணி நேரத்துல மொறுமொறுன்னு காஞ்சிடும்.” அமெரிக்காவில் அது சரிதான். காரைக்குடிக்கு அது ஒத்துவருமா என்று பார்ப்பதற்கே இந்தக் குறிப்பு.

இந்த ஊரில் வருஷத்தின் பெரும்பகுதிக்கு மொட்டை மாடிக் கொடியே போதும். சிக்கல் ஐப்பசி, கார்த்திகையில்தான். எங்கள் வீட்டில் அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார். தினமும் இரண்டு பெட்ஷீட், துண்டுகள், வேட்டி. மழை விடட்டும் என்று காத்திருக்க முடியாது. அரை ஈரத் துணியை விரித்தால் அவர் தோல் தாங்காது.

பழைய செட்டிநாட்டு வீடுகளில் வானம் பார்த்த முற்றம் உண்டு, சுற்றிலும் தாழ்வாரம் உண்டு. மழை பெய்தாலும் தாழ்வாரத்துக் கொடியில் காற்று ஓடும். இப்போது நாம் கட்டும் வீடுகள் நாலு பக்கமும் அடைத்தவை. அதனால்தான் இந்தக் கேள்வியே வருகிறது.

முதலில் தண்ணீர்க் கணக்கு. 7 கிலோ காட்டன் துணியை வாஷிங் மெஷின் நிமிடத்துக்கு 1000 சுற்றில் பிழிந்து தந்தால், அதில் இன்னும் சுமார் 4 லிட்டர் தண்ணீர் இருக்கும். ஒரு லிட்டரை ஆவியாக்கக் குறைந்தபட்சம் 0.67 யூனிட் வெப்பம் வேண்டும். 4 லிட்டருக்கு 2.7 யூனிட் ஆகிறது. வெயில் இதை இலவசமாகத் தருகிறது. மெஷின் என்றால் காசு.

அடுத்து, அந்த ஆவி எங்கே போகும்? மழை நாளில் 27 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் காற்று இன்னும் 4 கிராம் தண்ணீரைத்தான் ஏற்றுக்கொள்ளும். பத்துக்குப் பத்து அறையில், பத்தடி உயரத்தில், உள்ள காற்று 28 கன மீட்டர். அதாவது சுமார் 110 கிராம். நம்மிடம் இருப்பதோ 4000 கிராம்! ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஃபேன் போட்டால் துணி ஏன் காய்வதில்லை, சுவர் ஏன் பூஞ்சை பிடிக்கிறது என்பதற்கு இதுதான் பதில். எந்த ட்ரையரையும் “ஆவியை எங்கே அனுப்புகிறாய்?” என்ற கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

கேஸ் ட்ரையர் அறைக் காற்றை இழுத்து அடுப்பால் சூடாக்கி, சுழலும் ட்ரம் வழியாகத் துணி மேல் ஓட்டி, குழாய் வழியே வீட்டுக்கு வெளியே தள்ளிவிடும். வழக்கமான அமெரிக்க மாடலின் பர்னர் 6 கிலோவாட்டுக்கும் மேல். நம் சமையலறையில் மூன்று பெரிய பர்னர் ஒன்றாக எரிவதற்குச் சமம். அந்த வேகத்துக்குக் காரணம் இதுதான். ஜப்பானிலும் ரின்னாய் கம்பெனியின் கேஸ் ட்ரையர்கள் பிரபலம். இரண்டு நாட்டிலும் ஊருக்குள் குழாய் கேஸ் உண்டு, புகைக்குழாய் போடத் தெரிந்த ஆள் உண்டு.

நமக்கு இருப்பது சிலிண்டர். ஒரு கிலோ எல்பிஜியில் சுமார் 12.7 யூனிட் வெப்பம். ட்ரையரில் வீணாவதையும் சேர்த்து ஒரு லோடுக்கு 4 யூனிட் என்று வைத்தால் 300 கிராமுக்குச் சற்று மேல். 14.2 கிலோ சிலிண்டரில் ஏறக்குறைய 45 லோடு வரும். உங்கள் ஊர் சிலிண்டர் விலையை 45-ஆல் வகுத்துப் பாருங்கள். இன்னொன்று, வீட்டு சிலிண்டர் சமையலுக்காகக் கொடுக்கப்படுவது. ட்ரையருக்கு இணைப்பு இழுக்கும் முன் ஏஜென்சியில் கேட்டே ஆக வேண்டும்.

காசை விடப் பெரிய விஷயம் பாதுகாப்பு. எல்பிஜி காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். புகைக்குழாய் அடைத்துக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. துணி மெஷின் வைக்கப்போகும் இடமோ அப்பாவின் அறைக்குப் பக்கத்துச் சுவர். எழுந்து ஜன்னலைத் திறக்க முடியாத ஒருவர் பக்கத்தில் அந்த ரிஸ்க் வேண்டாம்.

“கன்டெய்னர்ல ஒண்ணு அனுப்பிடவா?” என்று அக்கா கேட்டாள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், காற்றோட்டம் குறையும், பர்னர் மட்டும் அதே வேகத்தில் எரியும். குழாய் கேஸுக்கான நாசிலையும் எல்பிஜிக்கு மாற்ற வேண்டும். கரண்ட் போனாலும் கேஸில் ஓடும் என்று நினைக்கவும் வேண்டாம். ட்ரம் சுற்றக் கரண்ட் வேண்டும்.

கரண்ட் ட்ரையரில் இப்போது கடைகளில் அதிகம் பேசப்படுவது இரண்டு வகை. சாதாரண கண்டென்சர் வகை ஹீட்டரால் சூடாக்கி, ஆவியை உள்ளேயே தண்ணீராக்கித் தொட்டியில் சேர்க்கும். 8 கிலோ லோடுக்கு 4 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். ஹீட் பம்ப் வகைக்கு சுமார் 2 யூனிட் போதும். மேலே சொன்ன குறைந்தபட்சக் கணக்கை விடக் குறைவாக இருக்கிறதே, எப்படி? ஃப்ரிட்ஜ் போலத்தான். குளிர்ந்த பக்கத்தில் ஆவி தண்ணீராகும்போது விடும் வெப்பத்தை அள்ளி, சூடான பக்கத்தில் திரும்பக் காற்றுக்கே கொடுக்கிறது. ஒருமுறை கொடுத்த வெப்பம் சுற்றிச் சுற்றி வேலை செய்கிறது. புகைக்குழாய் தேவையில்லை, தீ இல்லை.

குறைகளும் உண்டு. விலை அதிகம். ஒரு லோடுக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். பல மாடல்களின் கையேடு அறை வெப்பம் 35 டிகிரியைத் தாண்டக்கூடாது என்கிறது. நம்ம ஊர் சித்திரையில் அது நடக்காது, ஆனால் சித்திரையில் ட்ரையரும் தேவையில்லை! தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறும் என்பதால், உங்கள் பில் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துக் கணக்குப் போடுங்கள். எந்த ட்ரையராக இருந்தாலும் பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். அமெரிக்காவில் ட்ரையர் தீ விபத்துகளுக்கு முதல் காரணமே சுத்தம் செய்யாமல் விடுவதுதான். கண்டாங்கி சேலை, பட்டு இவற்றையெல்லாம் உள்ளே போடாதீர்கள். அவை கொடிக்குத்தான்.

எங்கள் முடிவு இது. முதலில் 1400 சுற்று பிழியும் வாஷிங் மெஷின். ஒரு லோடில் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் அங்கேயே போய்விடும். சூடாக்கி விரட்டுவதை விடப் பிழிவது பல மடங்கு மலிவு. இரண்டாவது, மாடியில் மூன்று பக்கம் திறந்த ஒரு ஷீட் கொட்டகை, பழைய தாழ்வாரத்தின் வேலையைச் செய்ய. மூன்றாவதாக 8 கிலோ ஹீட் பம்ப் ட்ரையர், அடைமழை நாட்களுக்கும் அப்பாவின் துணிக்கும் மட்டும்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று. ட்ரையர் இப்போது வாங்காவிட்டாலும், வாஷிங் மெஷின் பக்கத்தில் இன்னொரு 16 ஆம்பியர் பிளக், தண்ணீர் வடிய ஒரு குழாய், காற்றுப் போக ஒரு ஜன்னல், இவை மூன்றுக்கும் பூச்சு வேலைக்கு முன்பே கொத்தனாரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் சொல்லிவிடுங்கள். பிறகு சுவரை உடைத்து வைப்பதென்றால் செலவு இரட்டிப்பு.