எழுத்து வரிசைக் கேள்வியா? எண்ணாக மாற்றிப் பாருங்க!

ஏ, சி, எஃப், ஜே, ஓ… அடுத்து வரும் எழுத்து எது?

போட்டித் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வந்தால், தமிழ் வழியில் படித்த பலர் "இது இங்கிலீஷ் கேள்வி, நமக்கு வராது" என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் இதில் ஆங்கிலமே கிடையாது. 26 எழுத்துகளின் வரிசை தெரிந்தால் போதும், மீதியெல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

தாண்டிப் போனால் என்ன நஷ்டம்? டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வையே எடுத்துக்கொள்வோம். 200 கேள்விகள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். இதில் 25 கேள்விகள் திறனறிவுப் பகுதிக்கு. ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். தரவரிசையில் அந்த ஒன்றரை மதிப்பெண் எவ்வளவு பெரிய இடைவெளி என்பது தேர்வு எழுதியவர்களுக்குத் தெரியும். நேரத்தைப் பார்த்தால், கேள்விக்குச் சராசரியாக 54 விநாடி. ஒவ்வொரு முறையும் 'ஏ, பி, சி' என்று முதலிலிருந்து விரல் விட்டு எண்ணினால் அதிலேயே பாதி போய்விடும்.

அதனால் முதல் வேலை, எழுத்தை எண்ணாக மாற்றுவது. ஏ என்றால் 1, இசட் என்றால் 26. அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். இ 5, ஜே 10, ஓ 15, டி 20, ஒய் 25. இந்த ஐந்தும் மைல்கல் மாதிரி. எல் எத்தனையாவது? ஜே 10, கே 11, எல் 12. முடிந்தது. (தமிழில் எழுதும்போது 4-ஆவது எழுத்தும் 20-ஆவது எழுத்தும் 'டி'தான், 2-ம் 16-ம் 'பி'தான். குழப்பம் வராமல் இருக்கத்தான் எண்ணையும் சேர்த்தே சொல்கிறோம்.)

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். 1, 3, 6, 10, 15. இடைவெளி 2, 3, 4, 5 என்று கூடிக்கொண்டே போகிறது. அடுத்தது 6. ஆக 21, அதாவது யு. எழுத்தாகப் பார்த்தபோது மறைந்திருந்த விதி, எண்ணாக மாற்றியதும் தானாகவே தெரிகிறது பாருங்க.

சில வரிசைகள் இசட்டைத் தாண்டிச் சுற்றி வரும். எஸ், வி, ஒய், அடுத்து? 19, 22, 25, பிறகு 28. 26-ஐக் கழித்தால் 2, அதாவது பி.

ஏ, இசட், சி, எக்ஸ், இ, வி, அடுத்து? இடைவெளி கண்டபடி தாவினால், இரண்டு வரிசைகளைப் பின்னியிருக்கிறார்களா என்று பாருங்க. ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் 1, 3, 5. இன்னொன்று 26, 24, 22. அடுத்தது 7, ஜி. இங்கே இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஏ-இசட், சி-எக்ஸ், இ-வி என ஒவ்வொரு ஜோடியையும் கூட்டினால் 27 வரும். 'எதிர் எழுத்து' கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் இந்த 27 போதும்.

மூன்று மூன்று எழுத்தாகச் சேர்த்துக் கொடுத்தால் பயப்பட வேண்டாம். ஏ-இ-ஐ, சி-ஜி-கே, இ-ஐ-எம், அடுத்து? முதல் எழுத்தை மட்டும் பாருங்க: 1, 3, 5, அடுத்தது 7, ஜி. விடைகளில் ஜி-யில் தொடங்குவது ஒன்றுதான் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். இல்லையென்றால் மட்டும் அடுத்த எழுத்துக்குப் போங்க. (முழு விடை ஜி-கே-ஓ.)

பலர் சறுக்கும் இடம் வேறு. பி, சி, இ, அடுத்து என்ன? 2, 3, 5. பகா எண்கள் என்று பார்த்தால் 7, ஜி. இடைவெளி 1, 2, 3 என்று பார்த்தால் 8, எச். இரண்டுமே சரியான விதிதான்! மூன்றே எழுத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கொடுத்திருக்கும் எல்லா எழுத்துக்கும் விதி பொருந்துகிறதா, அந்த விடை நான்கில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வட்டத்தை நிரப்புங்க.

விடை பிடிபடவில்லை என்றால்? குரூப் 4-இல் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. இரண்டு விடைகளை நீக்க முடிந்தாலே மீதியில் ஒன்றைத் துணிந்து குறிக்கலாம். எதுவுமே குறிக்கப் போவதில்லை என்றால் 'விடை தெரியவில்லை' என்பதற்கான 5-ஆவது வட்டத்தை நிரப்ப மறக்காதீங்க. ஆனால் மத்திய அரசின் எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத் தேர்வில் ஒரு தவறான விடைக்கு அரை மதிப்பெண் போய்விடும். அங்கே இந்தத் துணிச்சல் வேண்டாம்.

டிஎன்பிஎஸ்சி இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் இருக்கின்றன, செல்போனிலேயே இறக்கிக்கொள்ளலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் செயல்படும் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் இலவசப் பயிற்சி வகுப்புகளும் நடக்கின்றன. கேள்வியைத் திரையில் பார்த்தாலும், கணக்கைப் பேப்பரில் போட்டுப் பழகுங்க. குரூப் 4 தேர்வு அறைக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது, பேனா மட்டும்தான்.