நடுவில் அறாத இழை

ஆரணியில் பட்டுச் சேலை நெய்யும் தறியைக் கவனித்திருக்கிறீர்களா? பாவு இழைகள் நீளவாட்டில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். நாடா குறுக்கே ஓடி ஊடையை இடும். ஊடை ஓரத்தை எட்டியதும் அறுந்துவிடுவதில்லை. வளைந்து திரும்பி மறு ஓரத்துக்குப் போகிறது. இந்தத் திருப்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொறியியல் கணக்கு ஒன்றில் இது நமக்கு உதவப் போகிறது.

சிறு வட்டத் துளையுள்ள அகன்ற இரும்புத் தகட்டை இருபுறமும் இழுத்தால் எங்கே விரிசல் தொடங்கும்? துளையின் விளிம்பில்தான். தொலைவில் உள்ளதைப் போல மும்மடங்கு தகைவு அங்கே ஏற்படும் என்று 1898இல் ஜெர்மானியரான கிர்ஷ் கணித்தார். வடிவம் சிக்கலானால் இப்படிக் கையால் கணிக்க இயலாது. பொருளைச் சிறு துண்டுகளாகக் கூறுபோட்டு, ஒவ்வொன்றுக்கும் சமன்பாடு எழுதிக் கணிப்பொறியிடம் கொடுக்கிறோம். இதுவே முடிவுறு உறுப்பு முறை. 1960இல் இதற்குப் பெயரிட்டவர் அமெரிக்கப் பேராசிரியர் ரே கிளஃப். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இம்முறையில் கணிக்க 'ஃபீஸ்ட்' என்ற மென்பொருளையே உருவாக்கியுள்ளது.

கனசதுரம் போல ஆறு முகங்கள் கொண்ட துண்டை அறுமுகி என்போம். துளையருகே நுண்ணிய அறுமுகிகள் தேவை. எங்குமே நுணுக்கிவிடலாமே என்றால், பக்க நீளத்தை மூன்றிலொன்றாக்கும்போது துண்டுகள் 27 மடங்காகிவிடும்! ஆகவே துளையருகே நெருக்கம், தள்ளி அகலம். இரண்டும் கூடுமிடத்தில்தான் தொல்லை. பெரிய துண்டின் விளிம்பு நடுவே சிறிய துண்டின் முனை வந்து நின்றால், பொருள் வளையும்போது கணக்கில் பொய்யான பிளவு தோன்றும். முனையோடு முனைதான் சேர வேண்டும்.

தாளில் வரைந்து பாருங்கள். ஒரு நாற்கரம். அதன் மேல் பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். மற்ற மூன்று பக்கங்களையும் பிரிக்காதீர்கள். உள்ளே நாற்கரங்களால் மட்டும் நிரப்ப முடிகிறதா? எத்தனை நாள் முயன்றாலும் முடியாது. நாற்கரங்களின் பக்கங்களைக் கூட்டினால் 4இன் மடங்கு வரும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோடும் அதில் இருமுறை எண்ணப்படுகிறது. ஆகவே வெளி எல்லையின் பக்கங்கள் இரட்டைப்படையாகவே இருக்கும். நம் படத்திலோ 5!

மேல் பக்கத்தை மூன்றாகப் பிரித்தால் எல்லை 6. உள்ளே நடுத்துண்டுக்கு நேர் கீழாக இரு புள்ளிகள் வையுங்கள். மேலே பிரித்த புள்ளிகளோடும், ஒன்றோடொன்றும், அருகிலுள்ள கீழ் மூலைகளோடும் அவற்றை இணைத்தால் நான்கு நாற்கரங்கள் கிடைக்கும். இப்போது ஒவ்வொரு நாற்கரத்திலும் எதிரெதிர்ப் பக்கங்கள் வழியே பென்சிலை ஓட்டுங்கள். மேலே நடுத்துண்டில் புகுந்த இழை நேரே கீழே இறங்கிவிடும். இடத்துண்டில் புகுந்ததோ கீழே வளைந்து, வலத்துண்டு வழியே மேலேறிவிடும். ஊடையின் திருப்பம் இதுதானே! நாற்கர வலையில் எந்த இழையும் நடுவில் அறாது. எல்லைக்குப் போக வேண்டும், அல்லது தன்னோடு தானே வளையமாகச் சேர வேண்டும்.

முப்பரிமாணத்தில் இழையின் இடத்தில் விரிப்பு வருகிறது. அங்கும் எல்லை முகங்கள் இரட்டைப்படையாக வேண்டும். உருண்டை போலத் துளையற்ற பொருளுக்கு அதுவே போதும் என்று 1990களில் தர்ஸ்டன், மிச்செல் இருவரும் காட்டினர். ஆனால் துண்டுகளின் முகங்கள் வளைந்திருக்கலாம். எத்தனை துண்டுகள் என்பதும் வேறு கதை. ஒரு சதுரப் பிரமிடின் அடியை 4 நாற்கரங்களாகவும், சாய்ந்த முக்கோணம் ஒவ்வொன்றையும் 3 நாற்கரங்களாகவும் பிரியுங்கள். மொத்தம் 16 முகங்கள். ஷ்னைடர்ஸ் பிரமிடு எனப்படும் இதை நிரப்ப 2010இல் 88 அறுமுகிகள் வேண்டியிருந்தன. 2018இல் முதலில் 44, அடுத்து 36 என்று குறைத்துவிட்டார்கள்.